கடலோர வீட்டுக்காரர் சங்கம் யாரை நம்பலாம்: கவுன்சிலரையா, தீர்ப்பாயத்தையா, சொந்த வேட்பாளரையா, குப்பத்தையா?

சென்னையின் தெற்கே பாலவாக்கத்திலிருந்து உத்தண்டி வரை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எந்த நகர் சங்கத்தை எடுத்துக்கொண்டாலும் பொதுக்குழுவில் பேசுகிற விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். மழைநீர் வடிகால், போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறுவது, மணல் அரிப்பு, தெருக்கடைசி கேட், சனி ஞாயிறு கூட்டமும் அது விட்டுப்போகிற குப்பையும், அப்புறம் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்த சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) நோட்டீஸ். இதெல்லாம் பிரச்சினை என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. யார் மூலமாகத் தீர்ப்பது என்பதில்தான் சங்கம் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. எங்கள் சங்கத்திலும் இப்போது அதே நிலை, இந்தப் பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும் என்பதால் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து மீனவக் குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்தோடு ஒரு நிரந்தரக் கூட்டுக்குழு அமைப்பதுதான் நமக்குப் பலன் தரும் வழி. மற்ற மூன்றும் அதன்மேல் நின்றால்தான் வேலைக்கு ஆகும், தனியாக நின்றால் ஆகாது. இது நல்லெண்ணத்தில் சொல்வதில்லை, கணக்குப் பார்த்துச் சொல்வது.

முதல் கணக்கு ஓட்டு. சென்னை மாநகராட்சியில் 200 வார்டு. 2011-ல் எல்லை விரிந்து, அதுவரை தனித்தனி ஊராட்சிகளாக இருந்த பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி எல்லாம் உள்ளே வந்தன. சராசரியாகப் பார்த்தால் ஒரு வார்டில் 30,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் கடலோரத் தெருக்களில் பட்டா வைத்திருக்கும் நாம் எத்தனை பேர்? அதிலும் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், அல்லது மயிலாப்பூரில் ஓட்டு வைத்துக்கொண்டு வார இறுதிக்கு மட்டும் வருகிறார். வாடகைக்கு இருப்பவர்களை நாம் சங்கத்தில் சேர்ப்பதே இல்லை. சொத்து மதிப்பில் வார்டிலேயே பெரிய ஆட்கள் நாம்தான், ஆனால் வாக்காளர் பட்டியலில் நாம் அநேகமாக இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஒவ்வொரு வழியிலும் இது வந்து நிற்கும்.

சங்கப் பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் யோசிக்க எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பாகவே இருந்துவிடலாம், எதற்குப் பதிவு என்று சிலர் கேட்கிறார்கள். வாட்ச்மேன் சம்பளம் பிரிக்கவும் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லவும் குரூப் போதும், மற்ற எதற்கும் போதாது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். பதிவு செய்தபின் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் மாற்றம் எல்லாம் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்த கையோடு இதை மறந்துவிட்ட சங்கங்கள் நிறைய. வங்கிக் கணக்கும் மினிட்ஸ் புத்தகமும் ஒழுங்காக இல்லாத சங்கத்தின் மனுவை மண்டல அலுவலகத்தில் தனியாள் மனு மாதிரிதான் பார்க்கிறார்கள். ஆகவே பதிவு, தாக்கல் இரண்டும் கட்டாயம். இனி வழிகளைப் பார்ப்போம்.

கவுன்சிலர் வழி. இதை ஆதரிப்பவர்கள் சொல்வது நியாயமானதுதான்: குப்பை வண்டி, தெருவிளக்கு, சாலை வெட்டு, நாய்த் தொல்லை, கொசு மருந்து, இதற்கெல்லாம் கவுன்சிலர் ஒரு போன் போட்டால் மாநகராட்சி உதவிப் பொறியாளர் வந்து நிற்பார். மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணுக்கு அடித்துப் புகார் எண் வாங்கி உட்கார்ந்திருப்பதைவிட இது வேகம். மறுக்க மாட்டேன். ஆனால் இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, கவுன்சிலர் என்ற ஆளே இல்லாத காலம் வரும். 2016-ல் மன்றத்தின் காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை ஐந்து ஆண்டுக்கும் மேலாகச் சென்னையில் கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரிகள் கையில்தான் மாநகராட்சி இருந்தது. கவுன்சிலரை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்த சங்கங்கள் அந்தக் காலத்தில் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றன. இரண்டு, நமக்கு முக்கியமான விஷயங்களில் கவுன்சிலருக்கு அதிகாரமே இல்லை. கடல் அரிப்பு நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் பார்ப்பது. சிஆர்இசட் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் இருக்கிறது. கட்டட விதி பெருநகர வளர்ச்சிக் குழுமம். சாலை நெடுஞ்சாலைத் துறை. கவுன்சிலர் நல்லவராகவே இருந்தாலும் அவரால் அங்கே மனு கொடுக்கத்தான் முடியும், அதை நாமே கொடுக்கலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு கட்சிக்காரரோடு ஒட்டிக்கொள்கிற சங்கம் அடுத்த தேர்தலில் ஆள் மாறியதும் எதிர்க்கட்சிச் சங்கமாகிவிடுகிறது. திறப்பு விழாவுக்குப் பேனர் வைக்கவும் பொன்னாடை போர்த்தவும் சங்கப் பணம் போனால் அடுத்த ஆண்டு சந்தா தர மாட்டார்கள்.

ஏரியா சபை இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2022 நவம்பர் 1-லிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பிரதிநிதி, கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள், ஆகவே கட்சி வாசனை உண்டு. ஆனாலும் அங்கே நிறைவேறுகிற தீர்மானம் எழுத்தில் நிற்கும், பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் 'இந்தத் தீர்மானத்தின்மேல் என்ன நடவடிக்கை' என்று கேட்கலாம். சிக்கல் என்னவென்றால் அந்தப் பகுதியின் வாக்காளர்தான் சபையின் உறுப்பினர். பத்திரத்தைக் காட்டி உள்ளே போக முடியாது. நம் தெருவிலிருந்து பத்துப் பேர் போனால் குப்பத்திலிருந்து நூறு பேர் வருவார்கள், வர வேண்டியதும் அவர்கள் உரிமை. அந்த நூறு பேர் நம் தீர்மானத்துக்குக் கை தூக்குவார்களா, எதிர்ப்பார்களா என்பதுதான் கேள்வி.

(உத்தண்டியைத் தாண்டி கானத்தூர், முட்டுக்காடு, கோவளம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு: நீங்கள் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள். உங்களுக்குக் கிராம சபை, ஆண்டில் ஆறு முறை. கிராம சபைக்குச் சட்டப்படி பலம் இதைவிட அதிகம். அதற்குப் போகாமல் இருப்பது பெரிய இழப்பு.)

சொந்த வேட்பாளர் வழி. சங்கமே ஒருவரைச் சுயேச்சையாக வார்டில் நிறுத்தலாம் என்ற யோசனை ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னாலும் கிளம்புகிறது. படித்தவர், ஓய்வுபெற்ற அதிகாரி, நேர்மையானவர் என்று ஆளும் கிடைப்பார். நான் இதற்கு எதிர். மேலே சொன்ன ஓட்டுக் கணக்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நிலத்து உரிமையாளர்கள் சேர்ந்து ஒருவரை நிறுத்தினால் கடலோரத்தில் அது ஒரே ஒரு பொருளைத்தான் தரும்: பங்களாக்காரர்கள் ஊரைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். தோற்றபின்னும் அந்தப் பேச்சு போகாது. எம்எல்ஏ தேர்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, நம் சோழிங்கநல்லூர் 2021-ல் மாநிலத்திலேயே அதிக வாக்காளர் கொண்ட தொகுதி, ஆறு லட்சத்துக்கும் மேல். அதில் நாம் ஒரு பொட்டு. உழைப்பைச் செலவழிக்க வேண்டுமானால் முதலில் இங்கே குடியிருக்கும் எல்லோருடைய ஓட்டையும் இங்கே மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். அது ஒரு தேர்தலோடு முடியாத வேலை, பலனும் தங்கும்.

தீர்ப்பாயம் வழி. இதை நம் ஆட்கள் அதிகம் விரும்புகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பாதிக்கப்பட்டவர்களின் பிரதிநிதியாகச் சங்கமே மனு போடலாம். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். ஒரு திட்டத்துக்குத் தந்த அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான், தாமதத்தை மன்னித்தாலும் அதன்மேல் 60 நாள். இந்த நாள் கணக்கைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல வழக்கும் வாசலிலேயே திரும்பிவிடும். ஆகவே செயற்குழுவில் ஒருவர் இதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலோரச் சங்கங்களுக்கு இந்த வழியில் கிடைத்த பெரிய பலன் மழைநீர் வடிகால் விஷயம்தான். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனில் கோவளம் வடிநில மழைநீர் வடிகால் திட்டம் வந்தபோது அதில் எம்-3 என்ற பகுதி நம் சாலையை ஒட்டி வந்தது. இங்கே தரை என்ன என்று பார்த்தவர்களுக்கு குடியிருப்போர் அதை எதிர்த்த காரணம் உடனே புரியும். வீட்டுக் காம்பவுண்டுக்குள் கடப்பாரையே வேண்டாம், மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினால் மேலே காய்ந்த மணல், அதற்குக் கீழே ஈர மணல், கோடையிலேகூட சில இடங்களில் இரண்டு ஆள் ஆழத்துக்குள் நல்ல தண்ணீர். எவ்வளவு மழை பெய்தாலும் சிமெண்ட் போடாத தெருவில் மழை விட்டு ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். அந்தத் தண்ணீர்தான் கடல் நீரை உள்ளே வரவிடாமல் எதிர்த்து நிற்கிறது. இந்த மணல் பட்டையைத்தான் சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டத்திலும் நிலத்தடி நீர் ஊறும் பகுதி என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள். அதிலேயே கான்கிரீட் கால்வாய் வெட்டி மழையைக் கடலுக்கு அனுப்பினால் நாலைந்து ஆண்டில் கிணறெல்லாம் உப்புத்தான். குடியிருப்போர் இதைச் சொல்லித் தீர்ப்பாயம் வரை போனார்கள், மாநகராட்சி அந்தப் பகுதித் திட்டத்தை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. இது நகர் சங்கங்களின் உழைப்பு, பெருமைப்படலாம்.

ஆனால் இந்த வெற்றியிலிருந்து எல்லாவற்றுக்கும் கோர்ட் என்று முடிவு கட்டுவது தவறு. வடிகாலில் நம் பக்கம் சட்டமும் மண்ணும் இரண்டும் இருந்தன. சிஆர்இசட் விஷயத்தில் அப்படி இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-ல் வந்தது, 2011-ல் மாறியது, 2019-ல் மறுபடி மாறியது. உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர், நம் இடம் எந்த வகைப்பாட்டில் வருகிறது, வீடு கட்டிய ஆண்டில் எந்த அறிவிக்கை நடப்பில் இருந்தது, கடல் பக்கமாக நீட்டிக் கட்டினோமா என்று கேள்வி வந்தால் நம் தெருவிலேயே எத்தனை வீட்டுக்காரர் நிம்மதியாகப் பதில் சொல்வார்? பக்கத்து ரிசார்ட்மேல் வழக்குப் போட்டால் தீர்ப்பாயம் கூட்டு ஆய்வுக் குழு போடும், அந்தக் குழு அளவு நாடாவோடு வந்தால் ரிசார்ட்டோடு நிற்காது.

கேரளத்தில் கொச்சியை ஒட்டிய மரடு என்ற ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஊராட்சி தந்த அனுமதியை நம்பிக் கட்டிய அடுக்குமாடிகள். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 இரண்டு நாளில் நான்கு வளாகங்கள் வெடிவைத்துத் தரைமட்டமாயின. இடைக்கால இழப்பீடாக வீட்டுக்கு 25 லட்சம் வரை என்று வைத்தார்கள். வாங்கியவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, வங்கிக் கடன் வாங்கி, பத்திரம் பதிந்து, வரி கட்டிக் குடியிருந்தவர்கள். உள்ளாட்சியின் அனுமதி வேறு, கடலோர அனுமதி வேறு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம் சங்கம் வழக்குப் போடுவதற்கு முன்னால் உறுப்பினர்களின் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது குப்பம். கொட்டிவாக்கம் குப்பம், பாலவாக்கம் குப்பம், பெரிய நீலாங்கரை, சின்ன நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் குப்பம், பனையூர் குப்பம், நைனார்குப்பம் என்று நம் லேஅவுட்டுகளுக்கு நடுநடுவே இருக்கிற ஊர்கள். மனைகள் பிரிக்கப்படுவதற்கு முன்பே அவர்கள் இங்கே இருந்தார்கள். ஒவ்வொரு குப்பத்துக்கும் பஞ்சாயத்து உண்டு, அதற்கு ஊர் கட்டுப்படும். நம் சங்கத்தில் முந்நூறு பேருக்கு மெசேஜ் போட்டால் இருபது பேர் வருவார்கள், அங்கே ஊர்க்கூட்டம் என்றால் வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்பார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் சண்டை எங்கே வருகிறது? பெரும்பாலும் தெருக்கடைசியில். எங்கள் தெருவின் கடல் முனையில் திருட்டுப் பயத்தினால் ஒரு இரும்புக் கேட் போட்டார்கள், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பூட்டு. போட்டவர்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் கிளம்புகிற நேரம் அதிகாலை மூன்று, நாலு. ஃபைபர் படகின் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு, டீசல் கேனும் ஐஸ் பெட்டியுமாக வருகிறவர் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று வாட்ச்மேனை எழுப்ப வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு அடுத்த தெருவழியாகப் போக வேண்டும். ஐந்து மணிக்குப் படகு கரையேறினால் மீனை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடுகிற பெண்களுக்கும் அதே கேட். கூடை தலையில் இருக்கிறது, தண்ணீர் சொட்டுகிறது, வாட்ச்மேன் சாவி தேடுகிறார். பத்து நிமிடம் தாமதமானால் அன்றைய விலை போச்சு. இதை ஒரு நாள் விடிகாலையில் நின்று பார்த்தவர்கள் கேட்டைப் பற்றி அப்புறம் வாதாட மாட்டார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான்: அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருக்கிறார்கள், அது பொதுச்சாலை, அதற்குப் பூட்டுப் போட நமக்கு உரிமை இல்லை. எங்கள் தெருவில் இப்போது பூட்டு இல்லை, கேமராவும் விளக்கும் போட்டோம், விளக்கைக் கடல் பக்கம் அடிக்காமல் தெரு பக்கம் திருப்பி வைத்தோம்.

விளக்கு என்றதும் ஆமையைச் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரை இது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988-லிருந்து இரவுகளில் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும், நம் மொட்டைமாடி ஃபோகஸ் லைட் எரிந்தால் கடலுக்குப் போகாமல் நம் வீட்டுப் பக்கம் வரும். அந்த மூன்று நான்கு மாதம் கடல்பக்க விளக்கை அணைப்பதற்கு எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை.

கூட்டுக்குழுவால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். சிஆர்இசட் அறிவிக்கையின்படி ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும், அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர். வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கு அப்படி ஒரு நாற்காலி ஒதுக்கப்படவில்லை. நம் கரையில் நடக்கும் விதிமீறலைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடம் இருக்கிறது, நமக்கு இல்லை. இரண்டாவது, எண்ணிக்கை. ஏரியா சபையில் கை தூக்குவது முதல் சாலையில் நிற்பது வரை ஊர் திரண்டால்தான் அதிகாரி வருவார். மூன்றாவது, கடலை அவர்களுக்குத் தெரியும். எந்த மாதம் கரை வெட்டும், எந்த மாதம் மணல் திரும்பும், எந்த இடத்தில் கல் போட்டால் எந்த இடம் போகும் என்று கரைவலை இழுத்தவர்கள் சொல்வது பொறியாளர் அறிக்கைக்குக் குறைந்ததல்ல.

இந்த மூன்றாவதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் சங்கங்களில் அடிக்கடி வருகிற கோரிக்கை 'கல் கொட்டுங்கள், சுவர் கட்டுங்கள், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டும் கல் வரிசை) போடுங்கள்' என்பதுதான். வீட்டுக் காம்பவுண்டு வரை அலை வந்துவிட்டவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் கடற்கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எதை வைத்தாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் நீட்டினார்கள், நகரத்துக் கடற்கரையில் மணலே இல்லாமல் போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே தள்ளிப்போய் தமிழ்நாட்டுப் பக்கத்தில் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு ஊராகத் தின்றது. வீடுகளும் தென்னைகளும் படகு நிறுத்தும் இடமும் போயின. பின்னால் நம் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தபின்தான் நகரின் வடபகுதியில் மணல் திரும்பியது. நம் தெரு முன்னால் நாமே லாரியில் கல் கொண்டுவந்து கொட்டினால் அடுத்த குப்பத்தின் கரை போகும், அங்கிருந்து அடுத்த நகர். அனுமதி இல்லாமல் கொட்டுவது சிஆர்இசட் மீறலும்கூட. ஆகவே அரிப்புக்கு எந்தச் சங்கமும் தனியாக மனு கொடுக்கக் கூடாது. கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை எல்லாக் குப்பமும் எல்லா நகரும் சேர்ந்து முழுக் கரைக்கும் ஒரே திட்டம் கேட்க வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும், தெரியும். சவுக்கும் அடம்பங்கொடியும் பிடித்து நிற்கிற மணல்மேட்டை 'வியூ மறைக்கிறது' என்று வெட்டாமல் இருப்பதை இன்றே செய்யலாம்.

குப்பத்தோடு சேர்வதில் சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நம்மேல் சந்தேகம் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். 2004 சுனாமிக்குப்பின் சென்னைக் கரையிலிருந்து பல குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள், கடலை விட்டு அத்தனை தூரம். அதனால் 'கடற்கரையை அழகுபடுத்துவோம்' என்று நாம் ஆரம்பித்தாலே அடுத்து நம்மைக் கிளப்பப் போகிறார்கள் என்று அவர்கள் காதில் விழும். 2023-ல் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவுக்குக் கருத்துக்கேட்பு நடந்தபோது மீனவர் ஊர்களும் அவர்கள் புழங்குகிற பொது இடங்களும் வரைபடத்தில் சரியாக வரவில்லை என்று அவர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சமயம் நம் நகர் சங்கங்கள் அந்த வரைபடத்தைத் திறந்து நம் மனை எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று மட்டும்தான் பார்த்தன. பக்கத்தில் நின்று, வலை காயவைக்கிற மணலும் படகு நிறுத்துகிற மணலும் அவர்கள் பெயரில் குறிக்கப்பட வேண்டும் என்று நாமும் எழுதிக் கொடுத்திருந்தால் இன்று பேச்சு வேறு மாதிரி இருக்கும். நம் பக்கத்திலும் தயக்கம் உண்டு. மீன் நாற்றம், சத்தம், குடி, படகை வீட்டு வாசலில் நிறுத்துகிறார்கள் என்று பட்டியல் போடுவார்கள். சிலது உண்மையான புகார்தான், சிலது பழகாததால் வருவது. எதுவாக இருந்தாலும் போலீசுக்குப் போன் போடுவதைவிடப் பஞ்சாயத்துத் தலைவரிடம் நேரில் போய்ப் பேசியபோதுதான் சரியாகியிருக்கிறது.

சரி, பொதுக்குழுவுக்கு என்ன தீர்மானம்? என் பரிந்துரை இது. சங்கத்தின் பெயரில் 'உரிமையாளர்' என்பதை எடுத்துவிட்டு வாடகைக்கு இருப்பவர்களையும் முழு உறுப்பினராகச் சேர்க்க விதியைத் திருத்துவது. குப்பத்துப் பஞ்சாயத்தும் சங்கமும் சம எண்ணிக்கையில் இருக்கிற கூட்டுக்குழு, மாதம் ஒரு முறை, ஒரு மாதம் நம் இடத்தில், அடுத்த மாதம் அவர்கள் இடத்தில், பெண்கள் இரண்டு பக்கமும் கட்டாயம். கரையைப் பற்றிய எந்த மனுவும் இரண்டு பக்கக் கையெழுத்து இல்லாமல் போகாது. ஏரியா சபைக்கு முன்னால் கூட்டுக்குழு கூடி எதைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும். கவுன்சிலரோடு அன்றாட வேலைக்கு நல்ல உறவு, கட்சி மேடைக்குச் சங்கத்தின் பெயர் போகாது. வழக்கு என்றால் செயற்குழு மட்டும் முடிவு செய்யக் கூடாது, பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் கூட்டுக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். அதற்குமுன் உறுப்பினர்கள் தங்கள் பத்திரம், கட்டட அனுமதி, கடலோர அனுமதி மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சங்கச் செலவில் ஒரு நாள் முகாம் வைக்கலாம்.

திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். தூண் எங்கே இறங்கும், மழைநீர் எங்கே போகும், ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும், மீன் விற்கிற பெண்கள் சாலையைக் கடக்க வழி எங்கே என்று கேட்க வேண்டிய நேரம் வரைபடம் முடிவாவதற்கு முன்னால்தான். கூட்டுக்குழு அமைந்தால் முதல் கூட்டத்திலேயே இதைத்தான் எடுக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையிடம் வரைவைக் கேட்டுத் தகவல் உரிமை மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன், 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதில் சங்கத்தின் சார்பில் ஒருவரும் குப்பத்தின் சார்பில் ஒருவருமாக ஆளுக்கு ஒரு மனு ஒரே நாளில் போட வேண்டும் என்பது என் விருப்பம், பொதுக்குழுவுக்கு வருகிறவர்கள் இதைப் பற்றி யோசித்துவிட்டு வாருங்கள்.